நாலரை மணிக்கு வரும் ஆசை

உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய ஒருவர் ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ பலகாரத் தட்டில் கை வைத்துவிட்டால், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். நானும் பிறரை அப்படிச் சொல்லியிருக்கிறேன். கடந்த ஏழு வாரங்களாக அதே சொல்லைக் கேட்கும் இடத்தில் இருப்பதால் இப்போது உறுதியாகச் சொல்கிறேன்: அந்தச் சொல் யாரையும் திருத்துவதில்லை, மறைந்து உண்ணத்தான் பழக்குகிறது.

பொங்கல் முடிந்த வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ1சி) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. மாத்திரை இப்போது வேண்டாம், சோற்றைப் பாதியாகக் குறைத்து மாலைப் பலகாரத்தை விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். நானோ பயத்தில் சோற்றை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். நான்கு நாட்களில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் ஈரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனும் அதனோடு சேர்ந்திருக்கும் நீரும்தான் முதலில் வெளியேறுகின்றன என்பதை அறியாமல், அதை வெற்றி என்றே நம்பினேன்.

ஐந்தாம் நாள் மாலை பள்ளி விட்டு, பாளையங்கோட்டையில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்துக்கு வந்தேன். நிறுத்தத்தை ஒட்டியே தேநீர்க் கடை. கடைக்காரர் கண்கரண்டியால் வாழைக்காய் பஜ்ஜிகளை அள்ளி, சட்டியின் விளிம்பில் இரண்டு முறை தட்டி எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். மதிய உணவு வயிறு நிறையத்தான் உண்டிருந்தேன். ஆயினும் அந்தத் தட்டும் ஓசை காதில் விழுந்ததும் வாயில் நீர் ஊறிவிட்டது. மூன்று பஜ்ஜிகள் உண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு யோசித்தபோது ஒன்று விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நாலரை மணிக்கு வீட்டில் இருக்கும்போது இந்த ஆசை இவ்வளவு கடுமையாக வருவதில்லை. கிரெலின் என்னும் பசி ஹார்மோன் நாம் வழக்கமாக உண்ணும் வேளைகளை ஒட்டியே உயர்கிறது என்றும், அப்போது எதுவும் உண்ணாவிட்டாலும் சற்று நேரத்தில் தானே தணிகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இருபது ஆண்டுகளாக அதே கடை வாசலில் அதே நேரத்தில் உண்டு பழகிய உடல், கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. அதைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரத்தில் இரவு நேரங்களில் பிரியாணி சமைக்கும் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் எப்போதும் நாட்டம் இருந்ததில்லை என்பதால் என்னைப் பற்றியே கவலை வந்தது. அப்போதுதான் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தேன். அதில் பங்கேற்ற 36 இளைஞர்களுக்கு ஆறு மாதங்கள் அரைவயிற்று உணவே தரப்பட்டது. அவர்களுக்குப் பேச்சும் நினைவும் உணவாகவே ஆகிவிட்டன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். தங்கள் கொள்கைக்காகப் போர்க்களம் செல்ல மறுத்து, அரசின் முன் நின்றவர்கள். அவர்களுக்கே அப்படி நேர்ந்தது என்றால், சோற்றை ஒரேயடியாக நிறுத்திய நான் காணொளி பார்த்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த நள்ளிரவு வரை விழித்திருந்த நாட்களுக்கு அடுத்த நாளில் இனிப்பின் மீது அடங்காத ஆசை வந்தது. உறக்கம் குறைந்தால் பசி ஹார்மோன் கூடி, நிறைவைச் சொல்லும் லெப்டின் குறைகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2004இலேயே காட்டியிருக்கிறது. ஆகவே இப்போது பத்தரை மணிக்கு விடைத்தாள் கட்டை மூடிவைத்துவிடுகிறேன்.

மனத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஏற்பாட்டை மாற்றினேன். முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்து, காலையில் அவித்துத் தாளித்து, சிறு டப்பாவில் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறேன். நான்கு மணிக்கே, பள்ளியிலேயே அதை உண்டுவிடுகிறேன். பிறகு கடையைக் கடக்கும்போது மணம் வருகிறது, ஆசையும் வருகிறது. ஆனால் பேருந்து வருவதற்குள் அது தணிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது தயிர்ச்சோறுதான். எத்தனை காய், எத்தனை முட்டை உண்டாலும், கடைசியில் ஒரு கை தயிர்ச்சோறு இல்லாமல் இலையை விட்டு எழுந்தால் சாப்பிட்டதாகவே தோன்றவில்லை. நாரத்தங்காய் ஊறுகாயின் மூலையைக் கிள்ளித் தொட்டுக்கொள்ளும் அந்தக் கடைசி வாய், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் "உணவு முடிந்தது" என்று வயிற்றுக்குச் சொல்லிவந்த செய்தி. அது வராததால் இரவு பத்து மணி வரை அடுக்களையைச் சுற்றி வந்து, முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மூன்றாம் வாரத்தில் அந்தத் தடையை நானே நீக்கினேன். ஊறுகாய்க் கிண்ணம் ஒன்றில் அளந்து, தயிர் மிகுதியாகவும் சோறு குறைவாகவும் பிசைந்து உண்கிறேன். அன்றிலிருந்து முறுக்கு டப்பா திறக்கப்படவில்லை. முற்றாக விலக்குவதே சிலருக்கு எளிது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கு அது பொருந்தவில்லை.

இதைப் படிப்பவர்களில் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். வியர்வையும் கை நடுக்கமும் படபடப்பும் சேர்ந்து வந்தால், அது பொறுத்துக் கடக்க வேண்டிய ஆசை அன்று. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அப்போது உடனே சர்க்கரை கரைத்த நீர் குடிக்க வேண்டும்.

தொடக்கத்தில் "ஒரு வாய்தானே, சாப்பிடு" என்று வற்புறுத்திய என் மாமியாரிடம், அந்த மூன்று பஜ்ஜிகளைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; கடலையை நாளை முதல் தாமே ஊறவைப்பதாகச் சொன்னார். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் வருகிறது. அங்கே பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் தேநீரோடு வடை வரும். அதற்கென்று இன்னொரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.