தராசுக்குப் பக்கத்தில்

போன வாரம் எங்கள் ரிசார்ட்டில் சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. கொச்சியிலிருந்து வந்தவர் நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த ரிசப்ஷன் தம்பி இரண்டே நிமிடத்தில் எழுதிவிட்டான். நான் அட்டையின் மூலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்துகொண்டிருந்தேன். மூணாறில் பிறந்தவர்களுக்குக் கை சும்மா இருந்தால் அதுதான் வரும்.

அட்டையை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு வரியில் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 34 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவளிடம் போய் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கேட்டால், "காலையிலயே ஆரம்பிச்சுட்டியா" என்பாள். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன் சாக்கை எப்போதும் கடைசியாகத்தான் வைப்பாள். வரிசையில் முதலில் வந்திருந்தாலும் ஒதுங்கித் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். மழை நாளில் ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், சாக்குக்கு என்று கொஞ்சம். கழிக்கிற கைக்கு அளவு கிடையாது. அம்மா மூன்றாம் வகுப்புதான், ஆனால் முள் நிற்கிற இடத்தைச் சத்தமாகப் படிப்பாள். "கீழ் லயத்து அக்காவுக்குப் பத்தொன்பது. எழுதியாச்சா?" அவ்வளவுதான் கேட்பாள், சண்டை போட்டதில்லை. அவள் படித்த எண்ணைத்தான் எழுதியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 21 கிலோ எடுக்க வேண்டும், அதற்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் காசு என்று இருந்த காலத்தில் ஒரு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

இதனால் எங்கள் வீட்டுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் கடைசியாக வருவாள். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. மற்ற வீடுகளில் அடுப்புப் புகையும்போது நான் வாசலில் நிற்பேன்.

2015 செப்டம்பரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 20 சதவீதம் இருந்த போனஸ் 10 ஆனது. அன்றைய நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பேர் வந்தது. பேச வந்த சங்கத் தலைவர்களைப் பெண்களே திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாள் ஊர் அசையவில்லை.

அந்த ஒன்பது நாளும் எனக்கு அம்மா மேல் கோபம். நான் அப்போது வேறொரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். ரோடு அடைத்திருந்ததால் சுற்றுலாக்காரர்கள் யாரும் வரவில்லை. அறைகள் காலி, எங்களுக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு. "உங்க போனஸுக்கு எங்க சம்பளம் போகணுமா" என்று கேட்டே விட்டேன். அம்மா பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தார், கேரளத்தின் முன்னாள் முதல்வர், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர். அப்போது அவருக்கு 91 வயது. மற்ற தலைவர்களை விரட்டிய பெண்கள் அவரைத் தங்கள் நடுவில் உட்கார விட்டார்கள். உடன்பாடு வரும்வரை அவர் அங்கேயே இருந்தார், ராத்திரி முடிவு வந்தது. அவர் என்ன பேசினார் என்று அம்மாவிடம் பின்னால் கேட்டேன். "பேசுனது பாதி புரியல. எந்திரிச்சுப் போகல, அதப் பாத்தோம்" என்றாள்.

இந்தக் கதையை வெற்றியோடு முடித்துவிடுவதுதான் வழக்கம். நான் அப்படி முடிக்க மாட்டேன். 500 ரூபாய் கூலி கேட்டுப் பிறகும் போராடினார்கள், 301தான் கிடைத்தது. உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்கள் வென்றார்கள், அப்புறம் தங்களுக்குள் பிரிந்தார்கள். "பொம்பளைங்கன்னா இப்படித்தான்" என்று அன்று சிரித்தவர்களை நான் மறக்கவில்லை. ஆண்கள் நடத்துகிற கட்சிகள் எத்தனை துண்டாக உடைந்திருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஒரு நாள் போதாது, அதற்கு யாரும் சிரிப்பதில்லை. என் எண்ணம் இதுதான்: ஒன்பது நாள் ரோட்டில் உட்காரத் துணிச்சல் போதும். ஒன்பது வருடம் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேறொன்று வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கேமராவும் வராது, வீட்டுக்கும் நேரத்துக்குப் போக முடியாது.

எனக்கு அது இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்துபோயிற்று.

ஒரு விருந்தாளியின் மோதிரம் காணாமல் போனது. அந்த அறையை அன்று சுத்தம் செய்தது என் கீழ் வேலை பார்த்த ஒரு பெண், வயது 22. மேலே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 'அந்த அறையை அவள் மட்டுமே சுத்தம் செய்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பொய்யும் இல்லை. அவள் முடித்த பிறகு சரிபார்க்க நானும் அந்த அறைக்குள் போயிருந்தேன், அதைத்தான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் பையையும் சோதித்திருப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. அவளை அன்றைக்கே அனுப்பினார்கள். நாலாம் நாள் விருந்தாளி போன் செய்தார், மோதிரம் சோப்புப் பையில் இருந்ததாம். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா இப்போது போடியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே. வகுப்பு முடிந்த மறுநாள் அங்கே போனபோது மஞ்சள் அட்டைக் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக மோதிரக் கதையும் வந்துவிட்டது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்தப் புள்ள இப்ப எங்க வேலை பாக்குது?"

தெரியவில்லை என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அன்று கீரை இறங்கவில்லை.

விசாரித்ததில் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது. மூணாறு திரும்பும் வழிதான், பஸ்ஸிலிருந்து இறங்கினேன். வாசலில் என்னைப் பார்த்து முகம் மாறியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டுக் கட்டஞ்சாயா கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களும் அந்த ரூமுக்குள்ள வந்தீங்கள்லக்கா?" என்றாள்.

வந்தேன் என்றேன்.

"அத எழுதிக் குடுப்பீங்களா? வேலைக்கு இல்ல. எங்க அப்பாகிட்ட காட்டணும்."

அவள் தம்பியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். வாங்கி இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேனோ என்னவோ, பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"தேதி தப்பா இருக்குக்கா. பதினாலு இல்ல, பதிமூணு. செவ்வாய்க்கிழமை."