கொள்ளிடம் மணலில் வேனை இறக்காதீர்கள்
"இரவில் ஆள் பயமா? வேனைக் கொள்ளிடம் மணல் திட்டில் நிறுத்துங்கள், திருச்சியில் மழை இல்லாவிட்டால் தண்ணீர் வராது" என்று வேனிலேயே தூங்கிப் பயணம் செய்பவர்களுக்கு ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு, உயிருக்கே ஆபத்து. இங்கே வெயில் கொளுத்தும்போதுகூட குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை மேட்டூர் அணையை நிரப்பிவிடும். அணை முழு மட்டமான 120 அடியை எட்டியபின் வரும் உபரி நீரை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன! கரையோர ஊர்களில் போடும் தண்டோரா நடு ஆற்றில் தூங்குபவர் காதில் விழாது. ஈர மணலில் சக்கரம் புதைந்தால் வண்டியை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

ஆள் பயம் நியாயமானது, தனியாகப் போகும் பெண்களுக்கு இன்னும் அதிகம். அதற்கு, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து இருக்கட்டும், சாவி கையருகே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் தயங்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். ஆற்றுக்குள் மட்டும் இறங்காதீர்கள், தயவுசெய்து.