ஒரே கொலை, இருபது எபிசோடு

துப்பறியும் தொடர்களில் பெரும்பாலும் பிணம் என்பது கதையைத் தொடங்கி வைக்க ஒரு சாக்கு. பத்தே நிமிடத்தில் செத்தது யார் என்பதே மறந்துவிடும். 2007இல் டென்மார்க்கில் ஒளிபரப்பான ‘ஃபோர்ப்ரூடெல்சன்’ அப்படி இல்லை. முதல் சீசன் முழுக்க ஒரே கொலை வழக்கு. 20 எபிசோடு, ஒவ்வொன்றும் விசாரணையின் ஒரு நாள். கோபன்ஹேகன், நவம்பர், மழை, இருட்டு. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தொடர் இது.

இறந்தவள் நன்னா, 19 வயது. முதல் எபிசோடில், தண்ணீரிலிருந்து காரை இழுத்தெடுக்கும் இடத்துக்கு அவள் அப்பா தைஸ் ஓடி வருவார். போனின் மறுமுனையில் அம்மா. போலீசார் அவரை மறித்துப் பிடிக்க, அவர் கதறுவது போன் வழியாக அம்மாவுக்குக் கேட்கும். யாரும் அம்மாவிடம் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேறு தொடராக இருந்தால் அடுத்த காட்சி தடயவியல் ஆய்வகம்தான். இதில் அந்தக் குடும்பத்தை விட்டு நாம் நகரவே முடியாது. இரண்டு சின்னப் பையன்களுக்கு அக்கா இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் நேரம் ஒதுக்குகிறார் எழுதிய சோரென் ஸ்வைஸ்ட்ரூப். ‘இழுவை’ என்று சிலர் குறை சொல்வது இதைத்தான். எனக்கு இந்தத் தொடரின் உயிரே இதுதான்.

அப்புறம் சாரா லுண்ட். சோஃபி கிரோபோல் நடித்த போலீஸ் அதிகாரி. தொடரில் லுண்ட் அணிகிற ஃபேரோ தீவுக் கம்பளி ஸ்வெட்டரைத் தேர்ந்தெடுத்ததே கிரோபோல்தான். கேள்வி கேட்டால் லுண்ட் பதில் சொல்ல மாட்டார், அறையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எதையோ கவனித்துவிட்டார் என்பது நமக்கு அந்தக் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

கொலையாளி யாரென்று நடிகர்களுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லையாம். அதனால்தான் யார் முகத்திலும் கள்ளத்தனம் தெரிவதில்லை, சந்தேகமோ எல்லோர் மேலும் வருகிறது.

2011இல் வந்த அமெரிக்க மறு உருவாக்கம் விடையை முதல் சீசனில் சொல்லாமல் அடுத்ததற்கு இழுத்தது. தயவுசெய்து டேனிஷ் மூலத்தையே சப்டைட்டிலோடு பாருங்கள். அடுத்த இரண்டு சீசன்களும் பத்துப் பத்து எபிசோடுதான். லுண்டுக்காகத் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் நன்னாவின் குடும்பம் இல்லாத குறை எனக்குக் கடைசி வரை தெரிந்தது.