பாடி மரத்துக்கு மூணு மாசம், நெக் மரத்துக்கு மூணு நிமிஷமா?

கஸ்டம் பாஸ் கிட்டார் ஆர்டர் பண்றவங்க பேசுறதைக் கேட்டா வயிறு எரியுது. பாடிக்கு, அதாவது கிட்டாரோட அடிப்பாகத்துக்கு, ஆல்டர் மரமா, ஆஷா, மஹோகனியா, மேல வால்நட் டாப் ஒட்டலாமானு மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிறாங்க. நெக், அதாவது கம்பி ஓடுற நீளக் கழுத்து, எதுலன்னு கேட்டா, "மேப்பிள்தான், வழக்கம்போல" அவ்வளவுதான் பதில். எப்படி அறுத்த மேப்பிள், எத்தனை சதவீதம் ஈரம், ஒரே கட்டையா மூணு பட்டையா, ஒண்ணும் கேட்கிறதில்லை. அப்புறம் ஒரு மழைக்காலம் தாண்டினதும் நெக் முறுக்கிக்கிட்டு கம்பி இரைய ஆரம்பிச்சா செஞ்சவரைத் திட்டுறாங்க.

விக்கிறவங்க பங்குக்கு ஒரு அட்டவணை வெச்சிருக்காங்க. மஹோகனின்னா சத்தம் 'வார்ம்', ஆஷ்னா 'பிரைட்', ஆல்டர்னா 'பேலன்ஸ்டு'. ஆனா கம்பிக்கு அடியில சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்ல இருக்கிறது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். அது பிடிக்கிறது உலோகக் கம்பியோட அசைவை. பிக்கப்பை ரெண்டு சென்டிமீட்டர் பிரிட்ஜ் (பாடியில கம்பி உட்கார்ற இடம்) பக்கம் தள்ளினாலோ, பழைய கம்பியைக் கழட்டிப் புதுசு போட்டாலோ வர்ற மாற்றத்துக்கு முன்னால பாடி மரம் தர்ற வித்தியாசம் சின்னது. அமெரிக்க கிட்டார் வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980-களின் தொடக்கத்துல மரமே இல்லாம, கார்பன் ஃபைபர் கலவையில சின்னப் பெட்டி மாதிரி பாஸ் செஞ்சு காட்டினார். பெரிய பெரிய கலைஞர்கள் அதை வாசிச்சாங்க.

பாடி மரம் உறுதியா தீர்மானிக்கிறது எடையை. அதைக் கணக்குப் போட யாருக்கும் மனசில்லை. அறுத்து, குடைஞ்சு முடிச்ச பாஸ் பாடி ஏறக்குறைய 4.5 முதல் 5 லிட்டர் கனஅளவு வரும். ஆல்டர் லிட்டருக்குச் சுமார் 450 கிராம், அப்போ பாடி ரெண்டேகால் கிலோவுக்குள்ள அடங்கும். தேக்கு 650 கிராம், அதே பாடி மூணேகால் கிலோ வரை வரும். கிட்டத்தட்ட ஒரு கிலோ வித்தியாசம் ரெண்டு மணிநேரக் கச்சேரியில தோள்பட்டைக்குத் தெரியும். "நம்ம ஊர்த் தேக்குலயே பண்ணிடலாம் சார்"னு சொல்றவர் இதைச் சொல்றாரா? தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு, இழைச்ச உடனே அசிட்டோன் போட்டுத் துடைச்சு ஒட்டலைன்னா ஒட்டு விட்டுப்போகும்னு சொல்றாரா?

எடை குறைஞ்சா போதும்னு பவ்லோனியா மரத்துல பாடி கேட்கிறவங்க இன்னொரு ரகம். அது லிட்டருக்கு 300 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதுல கனமான அஞ்சு கம்பி மேப்பிள் நெக்கைப் பூட்டினா, கையை எடுத்ததும் நெக்கோட தலை தரையைப் பார்த்துச் சாயும். இடது கை நெக்கைத் தாங்கிப் பிடிக்கவே சரியாப் போயிடும், எப்படி வாசிக்கிறது? பாடியோட மேல் கொம்பு நுனி, அதாவது தோள் வார் மாட்டுற ஸ்ட்ராப் பட்டன், 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகக் கட்டத்துக்கு) நேரா வர்ற மாதிரி வரையச் சொல்லுங்க. தலையில கம்பியை முறுக்குற ட்யூனர் எடை குறைஞ்சதா போடச் சொல்லுங்க.

இப்போ நெக். 34 அங்குல ஸ்கேல்ல (கம்பி அதிர்ற நீளம்) 0.045 முதல் 0.105 அங்குலத் தடிமன் வரையான கம்பி செட் போட்டா நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கிறது சுமார் 80 கிலோ. அஞ்சாவது கம்பியும் வந்தா 100 கிலோவை நெருங்கும். ராத்திரி பகலா இந்த இழுவையைத் தாங்குற கட்டையைத்தான் "வழக்கம்போல"னு விட்டுடுறாங்க.

ஹார்ட் மேப்பிள் பச்சையா இருந்து முழுசா காயும்போது ஆண்டு வளையத்தோட போக்குல கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே 5 சதவீதம்தான். இந்த ரெட்டை வித்தியாசம்தான் எல்லா வம்புக்கும் காரணம். கட்டையோட முனையைப் பாருங்க. வளையக் கோடுகள் ஃப்ரெட் பதிச்ச மேல்பலகைக்கு, அதாவது ஃப்ரெட்போர்டுக்கு, செங்குத்தா நின்னா அது குவார்ட்டர் சான். படுத்திருந்தா ஃப்ளாட் சான், அதுவும் தப்பில்லை, நல்லா காஞ்சிருந்தா நிக்கும். கோடு ஒரு ஓரத்துல படுத்தும் மறு ஓரத்துல நிமிர்ந்தும் இருக்கிற கட்டை இருக்கே, அதைத் தொடவே கூடாது. ஈரம் ஏறி இறங்கும்போது ரெண்டு ஓரமும் ரெண்டு விதமா அசையும், நெக் முறுக்கும். நெக்குக்குள்ள புதைச்ச இரும்புத் தண்டு, அதாவது ட்ரஸ் ராட், முன்பின் வளைவைத்தான் சரிபண்ணும், முறுக்கிக்கிட்டதை அதால ஒண்ணும் செய்ய முடியாது. கடைஞ்சு முடிச்ச பிறகு முறுக்கினா ஃப்ரெட்டைப் பிடுங்கி, போர்டைச் சீவி, மறுபடி ஃப்ரெட் போடணும். அதிகமா முறுக்கியிருந்தா புது நெக்தான்.

ஈரப்பதம் இன்னும் மோசம். நெக் கட்டை 6 முதல் 8 சதவீதத்துல இருக்கணும். ஐப்பசி, கார்த்திகையில சாமில் கொட்டகையில கிடக்கிற பலகை 14, 15 சதவீதம் காட்டும். அதை அப்படியே நெக்காக்கி ஏசி ரூம்ல வெச்சா போர்டு சுருங்கி ஃப்ரெட் முனை ரெண்டு பக்கமும் துருத்தி விரலைக் கீறும். ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஈரம் பார்க்கிற மீட்டர் கிடைக்குது. அதுகூட இல்லாம கட்டையை விரலால தட்டிக் காமிச்சு "நல்லா காஞ்ச மரம் சார், சத்தத்தைக் கேளுங்க"ன்னா எப்படி நம்புறது?

இன்னொரு கூத்து, மெல்லிசு நெக் மோகம். விறைப்பு தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 20 மில்லிமீட்டரை 22 ஆக்கினா மூணுல ஒரு பங்கு விறைப்பு கூடும். மஹோகனியை விட்டு மேப்பிளுக்கு மாறினாகூட அவ்வளவு கூடாது! மெல்லிசாத்தான் வேணும்னா மூணு பட்டை ஒட்டி, பக்கத்துப் பக்கத்துப் பட்டையோட ரேகையைத் திருப்பி வெச்சு, ட்ரஸ் ராடுக்கு ரெண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டையை எபாக்ஸியில புதைக்கச் சொல்லுங்க. தலை பின்னால சாய்ஞ்ச டிசைன்னா ஸ்கார்ஃப் ஜாயிண்ட் (தலையைத் தனியா சாய்வா வெட்டி ஒட்டுறது) கேளுங்க. ஒரே கட்டையில சாய்ச்சு வெட்டினா அந்த இடத்துல ரேகை குறுக்கே அறுந்துபோகும், ஒரு தடவை கீழ விழுந்தா தலை தனியா வரும்.

ஜி கம்பியில அஞ்சுல இருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள்ள ஒரு ஸ்வரம் மட்டும் சட்டுனு செத்துப்போகுதேனு புலம்பி, அதுக்காக பாடி மரத்தை மாத்தச் சொல்றவங்களைப் பார்த்தா ஆத்திரம் ஆத்திரமா வருது. அந்த ஸ்வரத்தோட அதிர்வெண்ணும் நெக் தானா அதிர்ற அதிர்வெண்ணும் ஒண்ணாகும்போது கம்பியோட சக்தியை நெக் உறிஞ்சிடுது. தலையில ஒரு சி கிளாம்பை மாட்டி வாசிச்சுப் பாருங்க, எடை கூடி நெக்கோட அதிர்வெண் மாறும், செத்த இடம் வேற ஃப்ரெட்டுக்கு நகரும். இதை விட்டுட்டு இன்னொரு பாடிக்குப் பணத்தைக் கொட்டுறாங்க.

பேர் மோசடி தனிக்கதை. ஃபிலிப்பைன் மஹோகனின்னு வர்றது மஹோகனியே இல்லை, ஷோரியாங்கிற வேற மர வகை. ஸ்வாம்ப் ஆஷ் (சதுப்பு நிலத்துல வளர்ற லேசான ஆஷ்)னு சொல்லி ஒரு பாடி மூணே கால் கிலோ காட்டினா அது சாதாரண கெட்டி ஆஷ். லேசான ஆஷ் கிடைக்காமத்தான் 2020-ல பெரிய கிட்டார் கம்பெனியான ஃபெண்டரே வழக்கமான மாடல்கள்ல ஆஷைக் கைவிடுறதா அறிவிச்சது. அதனால பேரை மட்டும் பில்லுல எழுதி வாங்கிப் பிரயோசனம் இல்லை. பாடிக் கட்டை தராசுல இருக்கிற படம், நெக் கட்டையோட முனைப் படம், மீட்டர் காட்டுற சதவீதம், முடிஞ்ச கிட்டார் இத்தனை கிலோவுக்குள்ள இருக்கும்ங்கிற வாக்கு, இதெல்லாம் எழுத்துல வந்த பிறகு அட்வான்ஸைக் கொடுங்க. "மரத்தை எல்லாம் அப்படி அளக்க முடியாது சார்"னு சொல்றவர்கிட்ட ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.