வெளியூருக்குக் குட்டி அனுப்புவதற்கு முன்னால்

"வெளியூருக்குத் தருவீங்களா?" என்று கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸுக்கு வருகிறார்கள். மதுரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தெருவில் கிடக்கும் நாய்க்குட்டிகளை எடுத்து, தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கிறோம். என் வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று ஃபாஸ்டர் குட்டிகள், அதாவது வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் குட்டிகள், இருக்கும். வெளியூர் அடாப்ஷனே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடும் குழுக்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் கறுப்பு நிறத்தில் ஒரு பெண் நாட்டுக்குட்டிக்கு உள்ளூரில் வீடு தேடிப் பாருங்கள். "பொட்டையா? ஆண் குட்டி இருந்தா சொல்லுங்க" என்று போனை வைத்துவிடுவார்கள். அந்தக் குட்டிக்கு பெங்களூரிலோ கோவையிலோ ஒரு வீடு காத்திருந்தால், தூரம் என்பதற்காக மறுக்க எனக்கு மனசு வராது.

அப்படித்தான் மிளகு என்ற குட்டியை அனுப்பினோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகை ஓரத்தில் சாக்குப் பையோடு கிடைத்தவள். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்டது. நன்றாகப் பேசினார்கள், வீடியோ காலில் ஹாலையும் சோபாவையும் காட்டினார்கள். தெரிந்தவர் ஒருவர் அந்த வாரமே காரில் போகிறார் என்றதும் "ட்ரான்ஸ்போர்ட் கிடைச்சிருச்சு" என்று குழுவே சந்தோஷப்பட்டது. இரண்டு மாதக் குட்டி, ஒரு தடுப்பூசிதான் ஆகியிருந்தது. 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, எங்களில் யாரும் பார்த்திராத ஒரு வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் படங்கள் வந்தன. அப்புறம் நீல டிக் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பெங்களூரில் எங்களுக்கு ஒரு ஆள் கிடையாது. யார் யாரையோ பிடித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துச் சொன்னார். மிளகு வீட்டிலேயே இல்லை. அபார்ட்மென்டின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறை ஓரம் கட்டிப் போடப்பட்டுக் கிடந்தாள். வாட்ச்மேன் தன் சாப்பாட்டில் பாதியைப் போட்டுக்கொண்டிருந்தார். போகும்போது நான் என் கையால் மாட்டிவிட்ட சிவப்புக் கழுத்துப்பட்டையை ஆறு வாரமாக யாருமே தளர்த்தவில்லை. குட்டி வளர்ந்துவிட்டது, பட்டை வளராது. கழுத்தில் முடி போய், தோல் அறுந்து, பட்டை உள்ளே இறங்கியிருந்தது. மருத்துவர் கத்தரியின் முனையை நுழைக்கக்கூட இடமில்லாமல் மயக்க ஊசி போட்டு எடுத்தார். அந்தப் பட்டை இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் மேல் கோபம் இருந்தது. அதைவிட எங்கள் மேல்தான் அதிகம். எட்டு மணி நேரப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யத் தெரிந்த எங்களுக்கு, அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக் காலிங் பெல்லை அடிக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை. இன்றைக்கு நான் எந்தக் குழுவிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த ஊரில் உங்கள் ஆள் யார்? நேரில் போய் வீட்டைப் பார்க்க, ஒரு மாதம் கழித்து மறுபடி போக, தேவைப்பட்டால் அன்றைக்கே நாயைத் தூக்கிக்கொண்டு வர ஒருவர் இருந்தால் தூரம் பெரிய விஷயமில்லை. அப்படி ஒருவர் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். அங்கே உள்ள குழுவோடு பேசிப் பழகிக்கொண்டு பிறகு அனுப்புங்கள். குட்டி ஒரு மாதம் கூடுதலாக உங்களிடம் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீடியோ காலை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். அதில் கேட்டின் அடியில் இருக்கும் இடைவெளி தெரியாது, மொட்டை மாடிச் சுவரின் உயரம் தெரியாது. போன வருஷம் கோவைக்கு ஒரு குட்டி கொடுப்பதற்கு முன் அங்குள்ள தோழி ஒருவர் நேரில் போனார். தம்பதி இருவருக்கும் அவ்வளவு ஆசை. சமையலறை வாசலில் நின்ற பாட்டி மட்டும் மெதுவாக, "எனக்கு நாய்னா பயம்மா, பகல்ல நான்தான் தனியா இருப்பேன்" என்றாராம். அந்தக் குட்டியை அங்கே கொடுக்கவில்லை. அவர்களும் புரிந்துகொண்டார்கள். வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். தத்தெடுக்க வருகிறவர்கள் இதையெல்லாம் அவமானமாக நினைக்காதீர்கள். நாங்கள் சூடுபட்டவர்கள்.

அவசரம் இன்னொரு வகையிலும் கொல்லும். தெருவிலிருந்து எடுத்த குட்டி முதல் சில நாள் துள்ளி விளையாடும். உடம்பில் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும், எளிதில் பரவும் வைரஸ்) இருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் காட்டிவிடும், சிலதற்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதனால் எடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் தாண்டாமல் எந்தக் குட்டியையும் வண்டியில் ஏற்றுவதில்லை. போகிற வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் அதற்கும் இது பாதுகாப்பு.

ஆம்னி பஸ் டிக்கியில், அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு அனுப்புகிறார்களே, அதைச் செய்கிற யாரையும் மீட்புக் குழு என்று என்னால் சொல்ல முடியாது. இருட்டு, சூடு, புகை, பெட்டி மேல் பெட்டி. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், நாயை அனுப்பும்போது பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்ற கால்நடை மருத்துவர் சான்றிதழ் கூடவே போக வேண்டும் என்கின்றன. பஸ் டிக்கியில் ஏற்றுகிற எத்தனை பேர் அதை வாங்குகிறார்கள்? முடிந்தவரை தத்தெடுப்பவரையே நேரில் வரச் சொல்லுங்கள். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் என்று ஊர் ஊராகத் தாண்டி ஒரு குட்டிக்காக வருகிறவர் மேல் எனக்குத் தனி நம்பிக்கை உண்டு. குட்டி படுத்திருந்த பழைய புடவையைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புவேன். புது இடத்தில் முதல் ராத்திரி அந்த வாசனைதான் துணை.

வெளிநாட்டுக்கு என்றால் கதையே வேறு. இந்தியா நாய் ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், தத்துக்கு வரும் நாய்களைக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் அனுமதிப்பதில்லை. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) கேட்கிறது, ஆறு மாதம் நிரம்பாத நாயை விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் சிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. பலரும் இதைத் தொல்லை என்கிறார்கள். ஆனால் அந்த நாலு மாதத்தில் ஆசை நிஜமா என்று தெரிந்துவிடும். இங்கே ஓசூர் தாண்டி அனுப்ப ஒரு போன் கால் போதும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அப்புறம், திரும்பப் பெறுவது. "முடியலைன்னா எங்களிடமே திருப்பிக் கொடுங்க" என்று எல்லாக் குழுவும் எழுதி வாங்குகிறது. நள்ளிரவில் ஐதராபாத்திலிருந்து "இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்று போன் வந்தால் யார் போவது, யார் செலவு, எங்கே வைப்பது என்று பேசி வைத்திருக்கும் குழு எத்தனை? அதைப் பேசி முடிக்காமல் அந்த வரியை எழுதி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

மிளகு என்னிடமே இருக்கிறாள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்கவே இல்லை. இப்போது என்னிடம் இரண்டு கறுப்புப் பெண் குட்டிகள், மூன்று மாதம், தடுப்பூசிகள் ஆகிவிட்டன. ஐதராபாத் குக்கட்பள்ளியில் ஒரு குடும்பம் ஒன்றைக் கேட்கிறது. பேசிய வரைக்கும் பிடித்திருக்கிறது. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த வீட்டைப் போய்ப் பார்க்கவும், பிறகும் எட்டிப் பார்க்கவும் முடிகிறவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஆள் கிடைக்கும் வரை குட்டி இங்கேதான் இருக்கும்.