தம்பி பிறந்தால் அண்ணனுக்குப் பேச்சு வந்துவிடுமா?

"இரண்டரை வயதாகியும் பேசவில்லையா? அடுத்த குழந்தை பிறந்ததும் தானாகப் பேசும், தெரபி வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. பச்சைக்குழந்தை யாருக்கும் பேச்சு கற்றுத்தராது. மூளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகள்தான் காத்திருப்பில் கரைந்துபோகும்.

இரண்டு வயதில் "அம்மா வா" போல இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள டி.இ.ஐ.சி. (DEIC) எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில், அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மையங்களில், பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

புதுக் குழந்தை வந்ததும் மூத்தது மறுபடி பால்புட்டி கேட்பதும் படுக்கையை நனைப்பதும் சகஜம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பேசிய சொற்களே காணாமல் போனால் அதைப் பொறாமை என்று தள்ளாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கைக்குழந்தையோடு தினமும் தெரபிக்கு அலைவது பெரும்பாடுதான். அதனால் வீட்டிலும் செய்யும்படி பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். தம்பிக்குத் துணி மாற்றும்போது "துணி எடு, பவுடர் கொடு" என்று மூத்தவன் முகம் பார்த்துச் சொல்லி, அவன் எடுத்துத் தரும்வரை பொறுத்திருப்பதும் பயிற்சிதான்.