கண்டக்டரின் நாமினி

இடம்: கோத்தகிரியில் ஒரு தபால் நிலைய வாசல். ஜூலை மாதத்தின் முதல் வேலை நாள். தென்மேற்கு மழை தொட்டபெட்டாவுக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, காற்றையும் மேகத்தையும் மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மூன்று மாத வட்டி விழுகிற நாள் என்பதால், வழக்கமாகப் பார்த்தும் பார்க்காமல் போகிறவர்கள்கூட நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

மாணிக்கம், 68 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பாஸ்புக்கை வர்க்கி வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி வைத்திருக்கிறார். மங்களம், 66 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

மங்களம்: என்ன கண்டக்டரண்ணா, கதவு திறக்கும் முன்பே வந்துவிட்டீர்கள்? வட்டி எங்கேயாவது ஓடிப்போய்விடுமா?

மாணிக்கம்: வட்டி அதுபாட்டுக்குக் கணக்கில் விழும் டீச்சர். 5 லட்சத்துக்கு 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 10,250 ரூபாய். நான் நாமினி பெயரை மாற்ற வந்தேன்.

மங்களம்: இப்போது யார் பெயர் இருக்கிறது?

மாணிக்கம்: வீட்டுக்காரி பெயர்தான்.

மங்களம்: அண்ணா! அவர் தவறி இரண்டு வருடம் ஆகப் போகிறது.

மாணிக்கம்: தெரியும். மாற்றுவதற்கு 50 ரூபாய் கட்டணம் என்றார்கள். 50 ரூபாய் கொடுத்து அவள் பெயரை அடிக்க மனசு வரவில்லை.

மங்களம்: தடுத்தது மனசா, 50 ரூபாயா?

மாணிக்கம்: இரண்டும் சேர்ந்துதான். 2025 ஏப்ரலிலேயே அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்களாம். நேற்றுதான் கேள்விப்பட்டேன். உடனே மனசு வந்துவிட்டது.

மங்களம்: சரி, யார் பெயரைப் போடப் போகிறீர்கள்? நாலு பேர் வரைக்கும் போடலாம்.

மாணிக்கம்: நாலு பேருக்கு எங்கே போவேன்? மகன் ஒன்று, மகள் ஒன்று. மகளுக்கு 70, மகனுக்கு 30.

மங்களம்: அதென்ன கணக்கு?

மாணிக்கம்: ஃபோன் கணக்கு. அவள் வாரம் தவறாமல் பேசுகிறாள். அவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுகிறான். பொங்கலுக்கு அடித்தது மிஸ்டு கால். அதற்குப் பாதிதான் கணக்கு.

மங்களம்: நாமினி என்றால் பணம் முழுக்க அவருக்கே என்று நினைத்துவிட்டீர்களா? உங்கள் தோல்பையில் இருந்த கலெக்‌ஷன் மாதிரி அது. கையில் வாங்குவீர்கள், எண்ணுவீர்கள், காசு உங்களுடையதா? டிப்போவில் கட்டினீர்கள் அல்லவா? நாமினியும் அப்படி வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவர்தான். யாருக்கு எவ்வளவு என்று சொல்ல உயில் எழுத வேண்டும்.

மாணிக்கம்: இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் நான் 50 ரூபாயைப் பற்றிக் கவலையே பட்டிருக்க மாட்டேன்.

(பட்டிருப்பார். முப்பது வருடம் சில்லறையோடு வாழ்ந்தவர்.)

மங்களம்: இருக்கிறதை எல்லாம் இந்தத் திட்டத்திலேயே போட்டுவிட்டீர்களாக்கும்?

மாணிக்கம்: 30 லட்சம் வரைக்கும் போடலாமாம். முன்பு 15தான், 2023 ஏப்ரலில் இரண்டு மடங்காக்கினார்கள். அவ்வளவு பெரிய அண்டாவில் என் பங்கு அடியில்தான் கிடக்கிறது. ஆனால் இதில் பெரிய வசதி வட்டி அல்ல டீச்சர். ஐந்து வருடத்துக்குப் பூட்டு. அந்தப் பூட்டால்தான் எனக்கு இன்னும் நாலு நண்பர்கள் மிச்சம்.

மங்களம்: பூட்டுக்கும் நண்பர்களுக்கும் என்ன சம்பந்தம்?

மாணிக்கம்: ஆறுமுகம் வந்தான். கேரட் போடுகிறேன், 50,000 கொடு, அறுவடையில் தருகிறேன் என்றான். போஸ்ட் ஆபீசில் மாட்டிக்கொண்டது, பாதியில் எடுத்தால் அபராதம் என்றேன். ஐயோ பாவம் என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மங்களம்: இரண்டு வருடம் தாண்டினால் ஒரு சதவீதம்தானே பிடிப்பார்கள்?

மாணிக்கம்: மெதுவாகப் பேசுங்கள். ஆறுமுகத்தின் மச்சான் வரிசையில் நிற்கிறான்.

மங்களம்: கொடுத்திருந்தால் என்ன? நல்ல மனுஷன்தானே?

மாணிக்கம்: சுப்புவும் நல்ல மனுஷன்தான். அவனுக்கு 20,000 கொடுத்தேன். அன்றையிலிருந்து அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. மாலையில் நடக்கப் போனால் தேயிலைக்கு மேலே ஒரு குரங்குக் குல்லா மட்டும் நகர்ந்து போகும். அதுதான் சுப்பு.

மங்களம்: தேயிலைக்குள் என்ன செய்கிறார்?

மாணிக்கம்: என்னைக் கண்டதும் ரோட்டை விட்டு இறங்கி, குனிந்து போகிறான். எனக்குக் காசைப் பற்றிக்கூடக் கவலை இல்லை டீச்சர். அந்தத் தோட்டத்தில் காட்டுமாடு படுத்திருக்கும். கொம்பும் திமிலுமாக ஒரு டன் கனம். இவன் முட்டிவலிக்காரன், குனிந்தபடியே அதன் மடியில் போய் நிற்கப் போகிறான்.

மங்களம்: கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே?

மாணிக்கம்: சொன்னேனே. “சுப்பு, மேலே வாடா!” என்று கத்தினேன். வசூலுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாகப் போய்விட்டான். “காசு வேண்டாம், மாடு, மாடு!” என்றேன். நான் அவனைத் திட்டுகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

மங்களம்: நான் அதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறேன். எவ்வளவு கொடுத்தால் மறந்துவிட முடியுமோ, அவ்வளவுதான் கைமாற்று.

மாணிக்கம்: உங்கள் அளவு எவ்வளவு?

மங்களம்: வேலையில் இருக்கும்போது 2,000. இப்போது 200. அதற்கு மேல் கொடுத்தால் ராத்திரி தூக்கத்திலும் ஞாபகம் இருக்கிறது. மாத்திரை போட்டேனா என்பதுதான் மறந்துபோகிறது.

மாணிக்கம்: என்னிடம் அந்தப் பேச்சே கிடையாது. நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

மங்களம்: அப்படியா? கட்டபெட்டு பஸ்சில் எனக்குத் தர வேண்டிய ஒன்றரை ரூபாய்?

மாணிக்கம்: டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்திருப்பேனே! இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருப்பேன்.

மங்களம்: சொன்னீர்கள். நான் பின்பக்கம் இறங்கும்போது நீங்கள் முன்படியில் நின்று விசில் ஊதினீர்கள்.

மாணிக்கம்: அதை மறக்க முடியவில்லையா? 200 வரைக்கும் மறந்துவிடுவேன் என்றீர்களே?

மங்களம்: நானாகக் கொடுத்தால் மறப்பேன். நீங்களாக எடுத்துக்கொண்டதை எப்படி மறப்பது?

(கதவு திறக்கிறது. கூட்டம் எழுந்து ஒரே நேரத்தில் முட்டியைப் பிடித்துக்கொள்கிறது. “சர்வர் வேலை செய்யவில்லை, கொஞ்சம் உட்காருங்கள்” என்று உள்ளேயிருந்து குரல். கூட்டம் மறுபடி உட்காருகிறது.)

மாணிக்கம்: சர்வர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் ஒருத்தன் இருக்கிறான். அவன் முறை வந்தால் மேகம் இறங்கிவிடும். “சிக்னல் இல்லை மாணிக்கம், ஜீபே போகவில்லை” என்பான். வெயில் அடிக்கிற அன்றைக்கு டீ குடிக்கவே வரமாட்டான்.

மங்களம்: அவரை ஏன் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மாணிக்கம்: அவனும் போனால் சண்டை போட ஆள் வேண்டாமா? வீட்டில் சுவரோடு எவ்வளவு நேரம் பேசுவது? போன மாதம் வீடியோ காலில் ஒருத்தன் வந்தான். காக்கிச் சட்டை, பின்னால் கொடி. மும்பை போலீஸ், உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்றான்.

மங்களம்: ஐயோ! அது திருட்டுக் கும்பல் அண்ணா. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. உடனே வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும்.

மாணிக்கம்: அடித்தேன். நாற்பது நிமிடம் கழித்து.

மங்களம்: நாற்பது நிமிடம் என்ன செய்தீர்கள்?

மாணிக்கம்: பேசினேன். இந்த வருடம் என்னோடு அவ்வளவு நேரம் பேசினது அவன்தான். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லாதே என்றான். சொல்ல ஆள் இல்லையப்பா என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டான். பணம் எங்கே இருக்கிறது என்றான். போஸ்ட் ஆபீசில், பாதியில் எடுத்தால் அபராதம் என்றேன்.

மங்களம்: அதற்கு?

மாணிக்கம்: அவனே வைத்துவிட்டான். ஆறுமுகம் டீயாவது வாங்கிக் கொடுத்தான்.

மங்களம்: சிரிக்கிற விஷயமா இது? பேச்சுத் துணை வேண்டுமென்றால் எங்கள் உண்டியலில் சேருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? ஒன்பது பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய்.

மாணிக்கம்: வட்டி எவ்வளவு?

மங்களம்: வட்டி கிடையாது.

மாணிக்கம்: ஏலச் சீட்டா? தள்ளு உண்டா?

மங்களம்: ஒன்றும் கிடையாது. மாதம் ஒரு நாள் எங்கேயாவது போவோம். யாராவது படுத்துவிட்டால் அதில்தான் செலவு. நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளை கஞ்சி வந்ததே, அது யார் காசு?

மாணிக்கம்: ஓ, அதுவா? அதில் உப்பே இல்லை.

மங்களம்: பத்தாவது ஆள் 100 ரூபாய் போட்டிருந்தால் உப்பும் வந்திருக்கும்.

மாணிக்கம்: இந்த மாதம் எங்கே போகிறீர்கள்?

மங்களம்: சனிக்கிழமை கோடநாடு காட்சிமுனை. மேகம் விலகினால் கீழே மாயாறு தெரியும். விலகாவிட்டால் சுண்டலைத் தின்றுவிட்டு வருவோம். பஸ்சில் பெண்கள் எங்கள் ஒன்பது பேருக்கும் இலவசம், உங்களிடம்தான் பாஸ் இருக்கிறதே. டிக்கெட் செலவே இல்லை.

மாணிக்கம்: ஒரு பஸ்சில் பத்துப் பேர் ஏறி ஒருத்தருக்கும் டிக்கெட் இல்லை. அந்தக் கண்டக்டரை நினைத்தால் வயிறு எரிகிறது. சரி, சுண்டல் யார் போடுகிறார்கள்?

மங்களம்: சுப்பு வீட்டம்மா.

மாணிக்கம்: சுப்புவும் வருவானா?

மங்களம்: வருவார், அவர் மட்டும் டிக்கெட் எடுத்து. பஸ்சுக்குள் தேயிலை கிடையாது, எங்கே இறங்கி ஓடுவார்?

(மாணிக்கம் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். பிறகு சட்டைக்குள் கைவிட்டு, நீளவாக்கில் மடித்த 500 ரூபாய்த் தாளை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நீட்டுகிறார். பழைய பழக்கம், கை மறக்கவில்லை.)

மாணிக்கம்: பிடியுங்கள். 100 எடுத்துக்கொண்டு 400 கொடுங்கள்.

மங்களம் (நோட்டைப் பர்சில் வைத்து ஜிப்பை இழுத்தபடி): என்னிடம் சில்லறை இல்லையே அண்ணா. சனிக்கிழமை கோடநாட்டில் இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.